பெட்டிக்குள் நாலு பெருமாள்

வெள்ளிப் பெட்டியைத் திறந்தேன். ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பேர் இருந்தார்கள்.

'பேர்' என்று சொல்வதில் தப்பில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் சித்தப்பா வீட்டில் சாளக்ராமத்தைக் 'கல்' என்று சொன்னால் அன்றைக்கு சாப்பாடு கிடையாது. ஐந்தும் ஐந்து பெருமாள். தினம் காலையில் குளித்து, துளசி சாற்றிக்கொண்டு, சுடச்சுடச் சமைத்த தளிகையை ஏற்றுக்கொண்டு, மறுபடி பெட்டிக்குள் பட்டுத் துணிமேல் போய்ப் படுத்துக்கொள்கிறவர்கள். அதில் நாலு பேர்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி எண்ணினேன். நாலு. பட்டுத் துணிக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினேன். பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கலாமா என்று யோசித்து, 'ஐயோ பெருமாளே' என்று கையை இழுத்துக்கொண்டேன்.

காணாமல் போனவர் எல்லாரிலும் சின்னவர். இலந்தைப் பழ அளவு இருப்பார். கறுப்பு, வழவழப்பு. சித்தப்பாவின் தாத்தா வடக்கே நடந்தே போய், கண்டகி நதியில் இறங்கித் தன் கையால் எடுத்து வந்தவர். 'குட்டிப் பெருமாள்' என்றுதான் சித்தப்பா சொல்வார்; கொஞ்சல் வந்தால் 'குழந்தை'.

"வைதேகி" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணம், சீமந்தம் என்று எங்கே கூடினாலும் யாராவது என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தைத் தனியாக உட்கார்ந்து நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

வீட்டைப் பூட்டலாம், அவரை?

ஐம்பதுகளின் பிற்பகுதி என்று ஞாபகம். எனக்கு நாகபுரியில் வேலை. கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் மொத்தமாகப் போட்டுவிட்டு, மனைவி வைதேகியோடு திருச்சிக்கு வந்தேன். சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம்.

எங்கே தங்குவது என்ற கேள்விக்கு சித்தப்பாவே பதில் சொல்லிவிட்டார். அவரும் சித்தியும் காசி, பத்ரி என்று யாத்திரை கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"வீடு சும்மாத்தானே இருக்கப் போறது. நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்கோ. காலம்பற ஆராதனத்தை மட்டும் பண்ணிடு" என்றார்.

அந்த 'மட்டும்' என்ற வார்த்தையை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். தினம் சாப்பிடுகிற பெருமாளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போக முடியாது. அதனால் ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். சித்தப்பாவுக்கு அதில் நம்பிக்கையில்லை. அடுத்த வீட்டில் வெங்காயம் வாங்குகிறார்கள். எதிர் வீட்டில் காபி குடித்த பிறகுதான் குளிக்கிறார்கள். கோடி வீட்டுக்காரர் ஆராதனத்தின் நடுவில் பேப்பர் படிக்கிறார். இப்படி ஒவ்வொருத்தராகக் கழித்துக்கட்டிவிட்டு, நாகபுரி கேண்டீனில் வருஷக்கணக்காக வெங்காய பஜ்ஜி தின்றுகொண்டிருந்த என்னைத் தேர்ந்தெடுத்தார். ரத்த பாசம் கண்ணை மறைத்துவிட்டது, பாவம்.

கிளம்புகிற வரைக்கும் எனக்குப் பாடம் நடந்தது. எந்தப் பெருமாள் எந்தப் பக்கம், எந்த வட்டிலில் எந்தத் தீர்த்தம், எதற்கு எந்த மந்திரம். கடைசியில் வண்டியில் ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்து, "பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் குரல்

சித்தப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அடிக்க மாட்டார். குரல் ஒன்றே போதும். பள்ளிக்கூடத்தில் அவர் முதல் வகுப்பில் நின்று அதட்டினால் கடைசி வகுப்பில் பையன்கள் எழுந்து நிற்பார்களாம். சின்ன வயசில் லீவுக்கு ஸ்ரீரங்கம் வந்தால், அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் கொல்லைப்புறம் போய்க் கிணற்றடித் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். ஒரு தப்பும் செய்திருக்க மாட்டேன். இருந்தாலும் உட்கார்ந்துகொள்வேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. பல்லி கத்தினால் பயம், தந்திக்காரன் வந்தால் பயம், மேலதிகாரி சிரித்தால் அதைவிடப் பயம். வைதேகி நேர் எதிர். பெண் பார்க்கப் போனபோதே என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் இவருக்கு இப்படிக் கை நடுங்கறது?" என்று அவள் அம்மாவிடம் கேட்டவள்.

ஆனாலும் ஆரம்ப நாட்கள் நன்றாகத்தான் போயின. காலையில் ஆராதனத்தை முடிப்பேன். வைதேகி தளிகை பண்ணுவாள். சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினால் இஷ்டத்துக்குச் சுற்றலாம். தென்னூர் அத்தை என்னைப் பார்த்து, "ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று வைதேகியை முறைத்தாள். உறையூரில் கூடப் படித்தவன் ஒருத்தன் முழுசாக வழுக்கையாகி நின்றான். வாசலில் அவன் அப்பா என்று நினைத்து அவனுக்கே வணக்கம் சொன்னேன்.

ஆடி பிறந்து காற்று அள்ளிக்கொண்டு போனது. வீட்டில் ஏதாவது ஒரு கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் சித்தப்பாதான் வந்துவிட்டார் என்று எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

தங்கராசு

பார்க்க வேண்டியவர்களில் முக்கியமானவன் தங்கராசு. மண்ணச்சநல்லூரில் நெல் வயலும் அரிசி மில்லும் உள்ள குடும்பம். திருச்சியில் காலேஜ் படித்தபோது நானும் அவனும் ஒரே ஹாஸ்டல் அறை. நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அதையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டான். ஒரு தடவை என் படுக்கைக்கு அடியில் சாரைப் பாம்பு. நான் மேஜைமேல் ஏறி நின்று ஊரைக் கூட்டினேன். அவன் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து, "இறங்குடா, அது உன்னைப் பாத்துப் பயந்துபோயிருக்கு" என்றான்.

மண்ணச்சநல்லூருக்கு நான் போனபோது அவன் வீட்டில் இல்லை. புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்கள். வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்ய வேண்டுமாம்.

அந்தக் காலத்தில் ஆபரேஷன் என்றால் பாதிச் சாவு. உள்ளே போனவன் திரும்பி வருவான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். நேரே புத்தூருக்குப் போனேன். பினாயில் வாடை அடிக்கும் வார்டில், ஒரு கட்டிலில், பாதியாக இளைத்துக் கிடந்தான். பக்கத்தில் அவன் மனைவி பொன்னம்மா.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குடா" என்றான்.

தங்கராசு வாயிலிருந்து அந்த வார்த்தை! அவனே பயந்தால் நான் எங்கே போக? ஏதோ உளறினேன். இந்தக் காலத்து டாக்டர்கள் கெட்டிக்காரர்கள் என்றேன். "தூக்கமே வரமாட்டேங்குது. கண்ணை மூடினா கத்திதான் தெரியுது" என்றான்.

மூன்று வேளைக்கும் தீர்த்தம்

ஒருநாள் காலை நான் ஆராதனத்தில் இருந்தபோது வாசலில் பொன்னம்மா குரல் கேட்டது. ஊருக்குப் போய்க் குழந்தைகளைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற வழியில் இறங்கியிருந்தாள். கையில் எங்களுக்கு மில் பச்சரிசி ஒரு பை. இன்னொரு கையில் எவர்சில்வர் தூக்கு.

"அண்ணே, உங்க வீட்டுப் பெருமாள் தீர்த்தம் கொஞ்சம் குடுங்க. அவருக்கு மூணு வேளையும் குடுக்கணும். நாளன்னைக்குக் காலைல ஆபரேஷன். பஸ்ஸு போயிடும், சீக்கிரம் குடுங்கண்ணே."

நான் அப்போதுதான் திருமஞ்சனம் முடித்திருந்தேன். அதாவது பெருமாள்களைத் தட்டில் வைத்துக் குளிப்பாட்டி, ஒவ்வொருத்தராக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாயிற்று. தட்டில் தண்ணீரும் ஒரு குவியல் துளசியும். அவசரத்தில் அப்படியே தட்டோடு தூக்கிக்கொண்டு வாசல் ரேழிக்குப் போய், பொன்னம்மாவின் தூக்கில் கவிழ்த்தேன். அவள் மூடியைப் போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள். நான் திரும்பி வந்து மீதி ஆராதனத்தை ஒப்பேற்றிப் பெட்டியை மூடினேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் அன்றைக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தபோதுதான் நாலு பேர்.

தேடல்

ஒருவழியாக வைதேகியைக் கூப்பிட்டேன். அவள் பூஜை அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பெண்கள் சாளக்ராமத்தைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆகையால் நான்தான் தேட வேண்டும்.

தேடினேன். பூஜை அறையில் ஒரு மூலை விடவில்லை. பலகைக்கு அடியில், விளக்குக்குப் பின்னால், எலி வளையில் விரலை விட்டு. திருமஞ்சனத் தண்ணீர் மிச்சத்தைக் கொட்டுகிற பவழமல்லிச் செடி அடியில் மண்ணைத் தோண்டிச் சல்லடையில் சலித்தேன். கூழாங்கல் ஒன்று கிடைத்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போய், வெள்ளை நிறம் என்று பார்த்துத் தூர எறிந்தேன். சாக்கடையைக் குச்சியால் கிளறினேன். எதிர் வீட்டுக்காரர் திண்டாடுகிற என்னைப் பார்த்து, "என்ன தொலைஞ்சது?" என்றார். "ஒண்ணுமில்லே மாமா, மோதிரம்" என்றேன். என் இரண்டு கையிலும் மோதிரமே கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் சித்தப்பா ரயில். அதுதான் தலைக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. யாத்திரை முடித்துக் கங்கைத் தீர்த்தத்தோடு வருவார். வாசலில் காலைக் கழுவிவிட்டு நேரே பூஜை அறைக்குப் போவார். பெட்டியைத் திறப்பார். அதற்கப்புறம் நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நாகபுரிக்கு இன்றைக்கே ரயில் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மனைவியை விட்டுவிட்டா என்றால், ஆமாம், அந்த நிமிஷத்தில் விட்டுவிட்டுத்தான்.

வைதேகி சொன்னாள்: "தேடறதை நிறுத்துங்கோ. உக்காந்து யோசிங்கோ. நேத்திக்குத் திருமஞ்சனம் பண்றப்போ அஞ்சு பேரும் இருந்தாளா?"

"இருந்தா."

"அப்புறம் தட்டை எங்கே எடுத்துண்டு போனேள்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயையோ!" என்றேன்.

பஸ்ஸில்

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். காவேரியில் புதுத் தண்ணீர் செக்கச்செவேலென்று கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடி, பெருமாள் இப்போது எங்கே இருப்பார் என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்தேன். தீர்த்தம் தீர்ந்ததும் பொன்னம்மா துளசியோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் கொட்டியிருப்பாள். ஆயா பெருக்கித் தள்ளியிருப்பாள். அல்லது தங்கராசு அவரை முழுங்கியிருப்பான்! நாளைக்கு டாக்டர் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டு, கட்டியோடு பெருமாளையும் எடுத்துப் போட்டால்?

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் புத்தூர் பஸ்ஸுக்கு நிற்கிறபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. முறுக்கு விற்கிற அம்மாள், "என்னங்க, ஆஸ்பத்திரியில யாராச்சும் போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

வார்டில் நுழைந்ததும் பொன்னம்மா எழுந்து வந்து கும்பிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அண்ணே, தீர்த்தம்தான் கேட்டேன். நீங்க பெருமாளையே குடுத்து அனுப்பிட்டீங்களே!"

தங்கராசு படுத்தபடியே வலது கையை விரித்தான். உள்ளங்கையின் நடுவில் குட்டிப் பெருமாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நேத்து ராத்திரி தூங்கினேன்டா" என்றான். "இங்க வந்ததிலேருந்து நேத்துதான் தூங்கினேன். இதைக் கையில வச்சுக்கிட்டா கத்தி ஞாபகம் வரலை. எவ்வளவு பெரிய மனசுடா உனக்கு! உங்க வீட்ல இதை யாருக்கும் தொடக்கூடக் குடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லே."

விரல்களை மறுபடி இறுக மூடிக்கொண்டான். நான் எப்படிக் கேட்பேன், சொல்லுங்கள். கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வந்தேன். கேட்கலாம் கேட்கலாம் என்று ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தேன், தலையணையைச் சரிசெய்தேன், பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

"எங்கே?" என்றாள் வைதேகி.

"தங்கராசு கையில" என்று நடந்ததைச் சொன்னேன். "நாளைக்குச் சித்தப்பா வந்து கேட்டா என்ன சொல்லப் போறேள்?" என்றாள்.

"நீயே சொல்லிடேன்" என்றேன்.

கைக்கு வந்த பிறகு

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். ஆபரேஷன் அறைக்குள் எதையும் கொண்டுபோக விட மாட்டார்கள், வாசலில் வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அப்படியேதான் நடந்தது. தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். "கையில என்ன? உள்ள ஒண்ணும் எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றாள் நர்ஸ். தங்கராசு சுற்றுமுற்றும் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. என்னைக் கண்டதும் கையை நீட்டினான்.

"இந்தாடா. நான் வெளிய வர வரைக்கும் கையிலயே வச்சிரு. கீழ வச்சிடாதே. பையில போட்டுடாதே. கையிலயே வச்சிரு."

பெருமாள் என் உள்ளங்கைக்கு மாறினார். அவன் கைச் சூடு அவர்மேல் இருந்தது. கதவு மூடிக்கொண்டது.

எதற்காக நேற்றிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்தேனோ அது இப்போது என் கையில். வாசலில் பஸ். ஸ்ரீரங்கம் போய்க் குளித்துப் பெட்டியில் வைத்துவிட்டால் சித்தப்பா வந்து திறக்கும்போது ஐந்து பேர் இருப்பார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது.

பொன்னம்மா பெஞ்சில் உட்கார்ந்து என் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று வெளியே வந்தேன். கேட் வரைக்கும் போனேன். சத்திரம் போகிற பஸ் வந்து நின்றது. "ஏறுங்க சார், ஏறுங்க" என்றார் கண்டக்டர். கைப்பிடியைக்கூடப் பிடித்துவிட்டேன், இடது கையால்.

ஏறவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று தப்பாக நினைக்காதீர்கள். பயம்தான். உள்ளே இருக்கிறவனுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பொன்னம்மா நான் இல்லாத வெறும் பெஞ்சைப் பார்ப்பாளே, அந்தப் பயம் சித்தப்பாவின் பயத்தைவிட ஒரு பிடி அதிகமாக இருந்தது. பஸ் போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பொன்னம்மா என் கையைப் பார்த்தாள். விரலைக் கொஞ்சம் திறந்து காட்டினேன். கும்பிட்டுக்கொண்டாள்.

நேரம் நகரவே இல்லை. அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்து நிற்போம். யாராவது ஆயா வாளியோடு வெளியே வருவாள். மறுபடி உட்காருவோம். ஸ்ரீரங்கத்தில் ரயில் வந்திருக்கும். ஜட்கா வாசலில் நின்றிருக்கும். வைதேகி கதவைத் திறந்திருப்பாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம்

கேட்டதும் தெரிந்துவிட்டது. சின்ன வயசில் கிணற்றடிக்கு ஓடின அதே சத்தம். இங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை.

சித்தப்பா வந்துகொண்டிருந்தார். ரயில் கரி படிந்த வேட்டி, பல நாள் தாடி, பின்னால் மூட்டையோடு சித்தி. வைதேகி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், வீட்டுப் படிகூட ஏறாமல் வந்த ஜட்காவிலேயே திரும்பிவிட்டாராம்.

நான் எழுந்து நின்றேன். இதோ, இப்போது, இந்த ஆஸ்பத்திரியே அதிரப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"காட்டு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

கையை விரித்தேன். வேர்வையில் நனைந்து குட்டிப் பெருமாள் பளபளத்தார். சித்தப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு என் விரலில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அவர் உதடு துடித்தது. சித்தப்பாவும் பயந்துபோயிருந்தார்! அந்த முகத்தில் அதை நான் பார்ப்பேன் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

"எடுத்துக்கோங்கோ சித்தப்பா."

"தொடப்படாது. ரயில்ல வந்த உடம்பு, இன்னும் குளிக்கலை. நீயே வச்சுக்கோ" என்றார். அப்புறம், "கையை மூடு. காத்தடிக்கறது" என்றார்.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பொன்னம்மா ஒதுங்கி எழுந்து நின்றாள்.

"உள்ள யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரரு, சாமி. வெளிய வர்ற வரைக்கும் பெருமாளை அண்ணன் கையிலயே வச்சிருக்கச் சொன்னாரு."

"பேரு?"

"தங்கராசு."

"நீ உக்காரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எப்போது ஆரம்பிப்பாரோ என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சித்தி மூட்டையை அவிழ்த்து, "ரெண்டு திராட்சையாவது வாயில போட்டுக்கோங்கோளேன்" என்றாள். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். அவர் வயிறு கடமுடாவென்று சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

ஒருவழியாகக் கதவு திறந்து டாக்டர் வந்தார். "கட்டியை எடுத்தாச்சும்மா. உசிருக்குப் பயமில்லை. மயக்கம் தெளிய நேரமாகும்" என்றார். பொன்னம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்கும் கண்ணில் நீர் கொட்டியது. தள்ளுவண்டியில் தங்கராசு போனான். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். "கிளம்பலாமா சித்தப்பா?"

"எங்கே?"

"ஆத்துக்கு."

"அவன் இன்னும் கண்ணு முழிக்கலையே" என்றார் சித்தப்பா. "உக்காரு."

உட்கார்ந்தேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். விரல்கள் மரத்துப் போயின. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றலாமா என்று கேட்கக்கூடப் பயம். சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்த பிறகு நர்ஸ் வந்து கூப்பிட்டாள். தங்கராசு கண்ணைத் திறந்திருந்தான். பேச முடியவில்லை. அவன் பார்வை பொன்னம்மாமேல் நின்று, பிறகு அலைந்து அலைந்து என் கையைத் தேடியது. குனிந்து அவன் முகத்துக்கு நேரே விரலைப் பிரித்துக் காட்டினேன். பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான், எனக்குப் பின்னாலிருந்து, வார்டில் இருந்த அத்தனை நோயாளிகளும் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கும்படி, சித்தப்பாவின் அந்தப் பழைய குரல் வெடித்தது.

"பாத்துட்டானோல்லியோ? ஓடு! ஜட்காவைக் கூப்பிடு! குழந்தை மூணு நாளாப் பட்டினிடா!"